முதல் டரான்டுலா: கையைக் கட்டிக்கொண்டு வளர்ப்பது எப்படி

டரான்டுலா என்ற பெரிய ரோமச் சிலந்தியை வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான்: "உங்களால் ஒரு மாதம் ஒன்றும் செய்யாமல் இருக்க முடியுமா?" தெற்கு லண்டனில் குரோய்டனில் ஒரு பெண் சிலந்தியோடு ஒன்பது வருடமாகக் குடியிருக்கிறேன். இத்தனை வருடத்தில் அவளுக்கு நான் செய்த கெடுதல் எல்லாம், ஏதோ நல்லது செய்கிறேன் பேர்வழி என்று போய்ச் செய்ததுதான். அந்தக் கெடுதல்களை நீங்களும் ஒரு ரவுண்டு செய்து பார்க்க வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

எந்தச் சிலந்தி?

ஆயிரத்துக்கும் மேற்பட்ட டரான்டுலா இனங்கள் உண்டு. புதிதாக வளர்ப்பவர் அவற்றை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் போதும். வட, தென் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை ஒரு பக்கம். ஆசியா, ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை மறுபக்கம். அமெரிக்கச் சிலந்திகளில் பெரும்பாலானவற்றின் வயிற்றில் அரிப்பு உண்டாக்கும் நுண்ரோமம் இருக்கும். மிரண்டால் பின்னங்காலால் அதைத் தேய்த்துக் காற்றில் பறக்கவிடும். ஆசிய, ஆப்பிரிக்கச் சிலந்திகளிடம் அந்த ஆயுதம் இல்லை. அதற்குப் பதில் வேகமும், பட்டென்று கடிக்கும் குணமும், கடுமையான விஷமும் இருக்கின்றன.

இணையத்தில் படம் பார்த்து எல்லோரும் மயங்குவது நீல நிறத்தில் மின்னும் பொசிலோதீரியா மெட்டாலிகாவைத்தான். ஆந்திராவின் கூட்டி ஊரில் கிடைத்ததை வைத்து 1899-ல் பெயரிடப்பட்ட இனம் அது. இந்தக் குடும்பத்தின் உறவுகள் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் இருக்கின்றன. இலங்கையில் புலிமுகச் சிலந்தி என்பார்கள். அழகுதான், ஆனால் முதல் சிலந்தியாக வேண்டவே வேண்டாம். மூடியைத் திறந்து மூச்சு விடுவதற்குள் உங்கள் முழங்கையில் இருக்கும். கடித்தால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் வாட்டும்.

தொடங்குவதற்கு என் தேர்வு கர்லி ஹேர், அதாவது சுருட்டை முடிச் சிலந்தி. ஹோண்டுராஸ், நிகரகுவா, கோஸ்டா ரிகா பக்கத்து இனம். தரையில் வாழும், நன்றாகச் சாப்பிடும், சின்னச் சின்ன தப்புகளைப் பொறுத்துக்கொள்ளும். வளர்ந்தால் கால் விரித்த அகலம் சுமார் 14 செ.மீ. இதன் அறிவியல் பெயர் ட்லில்டோகாட்டில் அல்போபிலோசஸ். வாயில் நுழையாத பெயர்தான், ஆனாலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 2020 வரை இது பிராக்கிபெல்மா என்ற பேரினத்தில் இருந்ததால் பழைய பட்டியல்களில் அந்தப் பெயரே கிடக்கும். ட்லில்டோகாட்டில் என்பது மெக்சிகோவின் நாவாட்டில் மொழிச் சொல். கருஞ்சிலந்தி என்று பொருள். இது தெரியாமலேயே நான் என் சிலந்திக்குக் கருப்பன் என்று பெயர் வைத்தேன். அது அப்புறம் கருப்பாயி ஆன கதை பின்னால் வருகிறது.

கர்லி ஹேர் கிடைக்காவிட்டால் மெக்சிகன் ரெட் நீ, பிரேசிலியன் பிளாக், சாக்கோ கோல்டன் நீ மூன்றும் நல்லவை. கடைசி இரண்டும் ரொம்பச் சாது.

சட்டம் என்ன சொல்கிறது?

பிரிட்டனில் ஆபத்தான காட்டுவிலங்குகளுக்கான 1976-ம் வருடச் சட்டப் பட்டியலில் டரான்டுலா இல்லை, உரிமம் தேவையில்லை. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள். பிறகு அவரே பார்த்து அலறுவதைவிட அது நல்லது. சிங்கப்பூரில் டரான்டுலா வளர்க்கவே அனுமதி இல்லை.

இந்தியாவில் இருந்து படிப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகாதீர்கள். பிராக்கிபெல்மா 1994-லிருந்தும் பொசிலோதீரியா 2019-லிருந்தும் சைட்டிஸ் (அழியும் ஆபத்துள்ள உயிர்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் இருக்கின்றன. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022-ல் வந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சைட்டிஸ் பட்டியலில் உள்ள உயிரை வைத்திருப்பவர் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். 2021 ஜூலையில் போலந்திலிருந்து தமிழ்நாட்டு முகவரி ஒன்றுக்கு வந்த பார்சலைச் சென்னை சுங்கத்துறை பிரித்துப் பார்த்தபோது, சின்னச் சின்ன பிளாஸ்டிக் குப்பிகளில் 107 உயிருள்ள சிலந்திகள் இருந்தன. பார்சல் போலந்துக்கே திரும்பிப் போனது. ஆர்வம் இருந்தால் முதலில் வனத்துறையிடம் கேளுங்கள். காட்டிலிருந்து பிடித்து வருவது எந்த ஊரிலும் கூடாது.

வாங்கும்போது

கடைக்காரரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: அறிவியல் பெயர் என்ன, வளர்ப்பிலேயே பிறந்ததா, ஆணா பெண்ணா. கடைசிக் கேள்வி முக்கியம். பெண் 20 வருடம்கூட உங்களோடு இருக்கும். ஆண் பருவமடைந்த பிறகு ஒரு வருடம் போல இருந்துவிட்டுப் போய்விடும். "நல்ல பெரிய சைஸ், ஆஃபர் விலை" என்று காட்டப்படுவது பெரும்பாலும் பருவமடைந்த ஆணாகத்தான் இருக்கும். முன்னங்காலின் உள்பக்கம் சின்னக் கொக்கியும், முகத்தருகே உள்ள குட்டிக் கால்களின் நுனியில் குத்துச்சண்டைக் கையுறை மாதிரி வீக்கமும் இருந்தால் அது ஆண்.

குட்டியாக வாங்குவது மலிவு. நான் கருப்பனை வாங்கியபோது உளுந்தம்பருப்பைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஆனால் அவ்வளவு சிறியது ஈரம் குறைந்தால் சீக்கிரம் காய்ந்துவிடும், தப்பித்தால் கண்ணில் படாது. முதல்முறை என்றால் கால் அகலம் 4, 5 செ.மீ. உள்ள இளம் சிலந்தியாகப் பாருங்கள். வயிறு சுருங்காமல் உருண்டையாக இருக்க வேண்டும். எட்டுக் காலும் தரையில் விரிந்திருக்க வேண்டும். ஒரு கால் குறைந்தால் கவலை இல்லை, அடுத்தடுத்த தோலுரிப்புகளில் முளைத்துவிடும்.

வீடு கட்டுவது

சிலந்தி வருவதற்கு இரண்டு நாள் முன்பே வீடு தயாராக இருக்கட்டும். கண்ணாடித் தொட்டியோ, தெளிவான பிளாஸ்டிக் டப்பாவோ, எதுவானாலும் சரி. நீளம் சிலந்தியின் கால் அகலத்தைப்போல மூன்று மடங்கு, அகலம் இரண்டு மடங்கு இருந்தால் தாராளம். உயரத்தில்தான் எல்லோரும் தவறு செய்கிறார்கள். மண்ணிலிருந்து மூடி வரை கால் அகலத்தைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் விடாதீர்கள். இது தரைச் சிலந்தி. ஆனாலும் இரவில் சுவரேறும். உயரத்திலிருந்து விழுந்தால் வயிறு தண்ணீர்ப் பை மாதிரி கிழிந்துவிடும். தொட்டி உயரமாக இருந்தால் கவலைப்படாமல் மண்ணைக் கொட்டி நிரப்புங்கள்.

கம்பிவலை மூடி வேண்டாம், நக நுனி வலையில் மாட்டிக்கொள்ளும். எதிரெதிர் பக்கச் சுவர்களில் சின்ன ஓட்டைகள் இருந்தால் காற்று குறுக்கே ஓடும். மூடிக்குப் பூட்டோ கிளிப்போ கட்டாயம்.

மண்ணுக்குக் கோகோ பீட் போதும். இங்கே செல்லப்பிராணிக் கடையில் செங்கல் மாதிரி விற்பார்கள். திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் இந்தியா அல்லது இலங்கை என்று போட்டிருக்கும். பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் மிஞ்சிய நார்த்தூள், கப்பலேறி வந்து நடு அமெரிக்கச் சிலந்திக்கு லண்டனில் வீடாகிறது! வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து உதிர்த்து, நன்றாகப் பிழிந்துவிடுங்கள். ஈரப்பதத்துக்கு மீட்டர் எதுவும் வாங்க வேண்டாம். புட்டு மாவுப் பதம் பாருங்கள்: கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும், உள்ளங்கை நனையக் கூடாது. அந்தப் பதத்தில் 10, 12 செ.மீ. ஆழத்துக்கு அழுத்தி நிரப்புங்கள். குழி தோண்டினால் இடிந்து விழாத அளவு அழுத்தம் வேண்டும்.

ஒரு மூலையில் கார்க் மரப்பட்டையைச் சாய்த்து, அதன் அடியில் விரல் விட்டு ஒரு பள்ளம் ஆரம்பித்துக் கொடுங்கள். எதிர்மூலையில் தண்ணீர்க் கிண்ணம். சோடா பாட்டில் மூடிகூடப் போதும். கிண்ணத்துக்குள் பஞ்சோ ஸ்பாஞ்சோ போடாதீர்கள், அது நாறும், கிருமிதான் வளரும். அவ்வளவுதான் வீடு. பிளாஸ்டிக் மண்டை ஓடு, செடி எல்லாம் உங்கள் சந்தோஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கள்ளிச்செடி மட்டும் வேண்டாம்.

சூடு பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். உங்களுக்கு வசதியான அறை அதற்கும் வசதி. 20 முதல் 26 டிகிரி வரை ஒன்றும் யோசிக்க வேண்டியதில்லை. குளிர்காலத்தில் அறை 18-க்குக் கீழே போனால் தெர்மோஸ்டாட் (சூட்டை அளவோடு நிறுத்தும் கருவி) இணைத்த ஹீட் மேட்டை, அதாவது மின்சாரச் சூட்டு விரிப்பை, பக்கச் சுவரில் ஒட்டலாம். தொட்டிக்கு அடியில் ஒட்டாதீர்கள். சூடு அதிகமானால் மண்ணுக்குள் போய்த் தப்பிப்பதுதான் டரான்டுலாவின் பழக்கம். கீழே சூடு வைத்தால் தப்பிக்கத் தோண்டி அடுப்பிலேயே போய் விழும். விளக்கு வெளிச்சம் எதுவும் தேவையில்லை.

நம் வீடுகளுக்கென்றே ஒரு எச்சரிக்கை. கொசுவர்த்தி, செருகி வைக்கும் கொசு மருந்து, கரப்பான் ஸ்ப்ரே எல்லாமே பூச்சிக்கொல்லி. சிலந்தி இருக்கும் அறையில் அவை கூடாது. நாய், பூனைக்கு உண்ணி மருந்து தடவிய கையோடு தொட்டிக்குள் கை விடாதீர்கள். சாம்பிராணி போடும் அறையும் வேண்டாம். என் அம்மா தஞ்சாவூரிலிருந்து வந்திருந்தபோது வெள்ளிக்கிழமைதோறும் வீடு முழுக்கப் புகை போட்டார். "பூச்சிக்கு ஒண்ணும் ஆகாதுடா" என்றார். நான் ஒன்றும் பேசாமல் கருப்பாயியைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன்.

முதல் வாரம்

கொண்டு வந்த குப்பியைத் தொட்டிக்குள் படுக்கவைத்துத் திறந்து விடுங்கள். தானாக வரும். வராவிட்டால் மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் பின்னங்காலை லேசாகத் தொடுங்கள். மூடியை மூடிவிட்டு ஒரு வாரம் உணவே கொடுக்காதீர்கள். அது சுவரில் ஒட்டிக்கொண்டே இருக்கும், மண்ணில் கால் வைக்காது, உங்களுக்கு மனசு கேட்காது. புது மண்ணின் ஈரம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டொரு நாளில் இறங்கிவிடும். இந்த வாரம்தான் பலரும் தொட்டியைத் திறந்து திறந்து எதையாவது மாற்றுவார்கள்.

சாப்பாடு

கிரிக்கெட் பூச்சி (நம்ம ஊர் சுவர்க்கோழி), டூபியா கரப்பான், மாவுப்புழு இந்த மூன்றும் கடைகளில் உயிரோடு கிடைக்கும். இரையின் நீளம் சிலந்தியின் வயிற்றைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. குட்டிக்கு வாரம் இரண்டு தரம், இளசுக்கு வாரம் ஒரு தரம், வளர்ந்ததற்குப் பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு தரம். மிகச் சிறிய குட்டிக்குக் கிரிக்கெட்டின் ஒரு காலைப் பிய்த்துப் போட்டாலே விருந்து. மாவுப்புழுவின் தலையை நசுக்கிவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் மண்ணுக்குள் புதைந்து காணாமல் போய்விடும்.

வெளியில் பிடித்த பூச்சியைப் போடாதீர்கள், எந்த மருந்தைத் தின்று வந்ததோ தெரியாது. சாப்பிட்டு முடித்ததும் சக்கையை உருண்டை பிடித்துக் கிண்ணத்துக்குள் போடுவது இவற்றுக்கு ஒரு குணம்; இடுக்கியால் எடுத்துவிடுங்கள். 24 மணி நேரத்தில் தொடாத இரையையும் வெளியே எடுங்கள். கிரிக்கெட் டப்பாவின் மூடியை இரண்டு தடவை சரிபாருங்கள். என் சமையலறையில் தப்பித்த ஒன்று ஃபிரிட்ஜுக்குப் பின்னால் குடியேறி, பதினோரு நாள் இரவு இரண்டு மணிக்குக் கச்சேரி வைத்தது.

வயிறு முன்னுடலைப்போல ஒன்றரை மடங்கு இருந்தால் அது நல்ல உடம்பு. அதற்கு மேல் ஊதினால் இடைவெளியைக் கூட்டுங்கள். நல்ல ஆரோக்கியமான பெரிய சிலந்தி மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும். தண்ணீர் மட்டும் வற்றக் கூடாது.

சட்டை கழற்றும் நாள்

பாம்பு மாதிரி டரான்டுலாவும் சட்டை கழற்றித்தான் வளரும். குட்டியில் மாதம் ஒரு தரம்கூட நடக்கும். வளர்ந்த பிறகு வருடத்துக்கு ஒன்று, இரண்டு வருடத்துக்கு ஒன்று. வரப்போவதற்கு அடையாளம்: சாப்பாட்டை மறுக்கும், வயிறு பளபளப்பாகும், வயிற்றில் முடி உதிர்ந்த வழுக்கை இருந்தால் அது கறுக்கும், வளையின் வாயை மண்ணால் அடைத்துக்கொள்ளலாம். அப்போது இரை ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. தோலுரிக்கும் சிலந்தியை ஒரு கிரிக்கெட் கடித்தே கொன்றுவிடும்.

கருப்பனின் பெரிய தோலுரிப்பு ஒன்றை முழுசாகப் பார்த்தேன். இரவு பதினொன்றே காலுக்குத் தண்ணீர் ஊற்றப் போனவன், அவன் பட்டு நூலால் பாய் மாதிரி ஒன்றை விரித்து அதன்மேல் மல்லாந்து கிடப்பதைப் பார்த்தேன். செத்துவிட்டான் என்றே நினைத்தேன். பிரஷ்ஷை எடுத்துவிட்டேன், தொட்டுப் பார்க்கலாம் என்று. நல்லவேளை, முன்னுடலின் ஓரத்தில் முடி அளவு விரிசல் தெரிந்தது. அது மெல்ல மெல்லச் சம்படத்து மூடி மாதிரி கழன்றது. அப்புறம் ஈரக் கையுறையிலிருந்து விரல்களை உருவுவது போல, ஒவ்வொரு காலாக. கொஞ்சம் இழுப்பு, நீண்ட ஓய்வு, மறுபடி இழுப்பு. இரண்டு மணிக்கு முழுசாக வெளியே வந்தபோது நச்சுப்பற்கள் பச்சரிசி மாதிரி வெளுத்து மென்மையாக இருந்தன. அடுத்த சில நாளில் அவை சிவந்து, பிறகு கறுத்தன.

ஆக, மல்லாந்து கிடந்தால் சாவு இல்லை. தொடாதீர்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள், தொட்டியை நகர்த்தாதீர்கள், டார்ச் அடிக்காதீர்கள். பயப்பட வேண்டியது இதற்கு நேர்மாறான நிலைக்கு: நிமிர்ந்தபடியே நின்று, கால்கள் எல்லாம் வயிற்றுக்கு அடியில் உள்பக்கமாகச் சுருண்டிருந்தால். சிலந்தியின் காலை மடக்கத் தசை இருக்கிறது, நீட்டுவதில் பெரும்பங்கு உடல் திரவத்தின் அழுத்தம்தான். நீர் வற்றினால் அழுத்தம் குறைந்து கால்கள் சுருண்டுவிடும். அப்போது ஆழமில்லாத தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் வாய் படுமாறு மெதுவாக வைத்துக் காத்திருங்கள். பல நேரம் தேறிவிடும்.

தோலுரித்த பிறகு குட்டிக்கு நான்கைந்து நாள், பெரியதற்குப் பத்து நாளுக்கு மேல் உணவு வேண்டாம்; பல் கறுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். கழன்ற சட்டையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். சோப்புத் துளி விட்ட வெந்நீரில் ஊறவைத்து வயிற்றுப் பகுதியைப் பிரஷ்ஷால் விரித்தால், உள்பக்கம் நான்கு வெள்ளைத் திட்டுகள் தெரியும். அவை நுரையீரலின் உறை. மேலே உள்ள இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன மடிப்பு எழும்பி நின்றால் பெண். அந்த இரவுச் சட்டையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது மடிப்பு இருந்தது. கருப்பன் கருப்பாயி ஆனாள்.

கையில் எடுக்கலாமா?

வேண்டாம். அவளுக்கு அதில் ஒரு சுகமும் இல்லை. விழுந்தால் உயிர் போகும். கர்லி ஹேர் கடித்தால் தேனீ கொட்டியது மாதிரி இருக்கும் என்பார்கள், அதுகூட அபூர்வம். பெரிய தொல்லை ரோமம்தான். 2009-ல் லீட்ஸ் மருத்துவர்கள் லான்செட் இதழில் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். கண் சிவந்து நீர் வடிந்துகொண்டே இருக்க, மருந்துக்கும் கேட்கவில்லை. உருப்பெருக்கிப் பார்த்தால் கருவிழியில் நுண்ரோமங்கள் குத்தி நின்றன. அவர் தன் டரான்டுலாவின் கண்ணாடித் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அது பறக்கவிட்டது.

அதனால் தொட்டிக்குள் வேலை என்றால் நீள இடுக்கி, கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. முடித்ததும் கண்ணைக் கசக்குவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். முன்னங்காலைத் தூக்கிப் பல்லைக் காட்டினால், "போயிட்டு அப்புறம் வா" என்கிறாள். மூடிவிட்டு வந்துவிடுங்கள்.

தொட்டி மாற்ற வேண்டி வந்தால், பெரிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து அந்த வேலையைச் செய்யுங்கள். தாவினாலும் பெட்டியில்தான் விழும். தெளிவான டப்பாவை மேலே கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகிப் பிடியுங்கள். வளர்ந்த சிலந்திக்கு இது சில வருடத்துக்கு ஒரு முறை வந்தாலே அதிகம். மண்ணை மாதாமாதம் மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. ஒரு பக்கத்து மண் காய்ந்ததும் அங்கே கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் போதும். பூஞ்சை வந்தால் அந்த இடத்து மண்ணைக் கரண்டியால் அள்ளிவிட்டு, காற்றோட்டத்தைப் பாருங்கள்.

ஊருக்குப் போகும்போது

நாய் வைத்திருப்பவர்கள் பொறாமைப்படும் இடம் இதுதான். வளர்ந்த சிலந்தி என்றால் கிளம்புவதற்கு நான்கு நாள் முன் ஒரு வேளை உணவு, மறுநாள் மிச்சத்தை எடுத்தல், கிண்ணம் நிறையத் தண்ணீர். மூன்று வாரத்துக்கு மேல் போனால் மட்டும் பக்கத்து வீட்டில் யாரிடமாவது சாவி கொடுங்கள். போன டிசம்பரில் நான் தஞ்சாவூர் போனபோது மூடியின்மேல் ஒட்டிய சீட்டு இன்னும் அங்கேயே இருக்கிறது: "பத்து நாளுக்கு ஒரு தரம் ஓட்டை வழியாகத் தண்ணீர் ஊற்றவும். திறக்க வேண்டாம். மல்லாந்து கிடந்தால் எனக்குப் போன் செய்ய வேண்டாம், கதவைச் சாத்திவிட்டுப் போகவும்."